ஒழுகல் தெரியவில்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது: எங்கே தேடுவது?

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓட்டிய பெட்ரோல் கார், இப்போது 18 வயது. இதை விற்க மனமில்லை. முடிந்த வேலைகளை நானே கற்றுக்கொண்டு செய்து வருகிறேன். ஆயில், ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக் வரை சரி. இப்போது கூலன்ட்டில் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மாட்டிக்கொண்டேன்.

ரிசர்வ் டப்பாவில் மேல் கோடு வரை ஊற்றினால் இரண்டு வாரத்தில் கீழ்க் கோட்டுக்கு வந்துவிடுகிறது. இரவு முழுக்க வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தேன், ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. ஹோஸ்களை அழுத்திப் பார்த்தேன், வெடிப்பு இல்லை. டிப்ஸ்டிக்கில் ஆயில் பால் கலந்த மாதிரி மாறவில்லை, சைலன்சரில் வெள்ளைப் புகையும் இல்லை. அதனால் ஹெட் கேஸ்கெட்டில் (இன்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் கசிவைத் தடுக்கும் தகடு) கோளாறு இருக்காது என்று நம்புகிறேன். ஆனால் ஆரம்பநிலை கசிவில் இந்த அறிகுறிகள் தெரியாமலும் போகலாமாமே?

என் சந்தேகம் ரேடியேட்டர் மூடி மேல்தான். இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு திறந்து பார்த்தபோது உள்ளே ரப்பர் இறுகிப் போயிருந்தது. மூடி அழுத்தத்தைப் பிடிக்காவிட்டால் கூலன்ட் சீக்கிரமே கொதித்து ஆவியாகிவிடும் அல்லவா?

முதலில் மூடியை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா, இல்லை நேராக பிரஷர் டெஸ்ட் (கூலன்ட் ஓடும் பாதையில் அழுத்தம் ஏற்றிக் கசிவைத் தேடுவது) செய்துவிடுவது நல்லதா? வாட்டர் பம்ப்பில் கசிவு இருந்தால் வெளியிலிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா? அப்புறம், காருக்குள்ளே ஹீட்டர் பக்கம் கால்மிதி ஈரமாக இல்லை, கூலன்ட்டின் இனிப்பு வாசனையும் இல்லை; அதனால் அங்கே கசிவதாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட பழைய வண்டியில் கைவைத்தவர்கள் சொல்லுங்கள். அதுவரை நீண்ட தூரம் எடுக்காமல் வைத்திருக்கிறேன்.