சேட்டிலைட்டில் பச்சையாகத் தெரிந்ததாம், களத்தில் பாதி பதர்: இது எப்படி?

கன்னடியன்கால் பேரன்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அப்பாவுக்குச் சேரன்மகாதேவி பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எண்பது சென்ட் வயல் இருக்கிறது. நான் சென்னையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவன், விவசாயம் போனில் கேட்டுத் தெரிந்துகொள்வதோடு சரி. போன பிசானப் பருவத்துக்கு அம்பை 16 நெல் நட்டார். பயிர் பார்க்க அருமையாகத்தான் இருந்தது, கதிர் வெளியே தள்ளிப் பூக்கிற நேரம் பார்த்து நாலு நாள் விடாத மழை. வழக்கமாக இருபத்தைந்து மூட்டை காணுகிற வயலில் பதினாலுதான் தேறியது. களத்தில் கொட்டிக் கையில் அள்ளினால் கனமே இல்லை, ஊதினால் பறக்கிறது.

காப்பீடு கட்டியிருந்தோமே என்று கேட்கப் போனால், அங்கே இருந்தவர் "சேட்டிலைட் படத்துல உங்க ஊர்ப் பயிரு நல்லாத்தான் இருந்திருக்கு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அப்பா என்னிடம், "மேல இருந்து பாக்கவனுக்கு நெல்லுக்குள்ள பால் பிடிச்சிருக்கா, பதரான்னு தெரியுமாலே?" என்று கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரப்புநண்டு:

அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. தெரியாது. நான் இந்தத் துறையில்தான் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

கேமரா போலப் படம் எடுக்கிற சேட்டிலைட் பார்ப்பது இலையின் பச்சையை. ஆனால் நமக்குப் பிசானம் நடுவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில், மேலே முழுக்க மேகம், படத்தில் வெள்ளையாகப் பஞ்சுதான் தெரியும். அதனால் நெல்லுக்கு ரேடார். ஐரோப்பியர்களின் சென்டினல்-1 தன் சொந்த அலையை அனுப்பி, திரும்பி வருவதை அளக்கிறது. 2014இல் முதல் ஒன்றை ஏவினார்கள். அலைநீளம் ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம், மேகம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. ஒரு சேட்டிலைட் அதே தடத்தில் பன்னிரண்டு நாளைக்கு ஒரு முறை திரும்பி வரும். நம் இஸ்ரோவும் 2022 பிப்ரவரியில் இ.ஓ.எஸ்-04 என்று இதே வகை ரேடார் ஒன்றை ஏவியது.

நெல்லை அது எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதுதான் அழகு. தொளி அடித்து, அதாவது சேறாக உழுது, தண்ணீர் கட்டிய வயல் கண்ணாடி மாதிரி, அலை பட்டு வேறு பக்கம் தெறித்துப் போய்விடும், படத்தில் கறுப்பு. நட்டு, பச்சை பிடித்து, தூர் கட்டக் கட்ட, அலை தாளிலும் தண்ணீரிலும் மோதித் திரும்ப ஆரம்பிக்கும், வயல் வாரா வாரம் வெளுத்துக்கொண்டே வரும். முதலில் கறுத்து அப்புறம் மளமளவென்று வெளுக்கிறதா, அது நெல். பக்கத்து வாழை எப்போதும் வெளுப்புதான், அதற்கு அந்தக் கறுப்பே கிடையாது. தண்ணீர் கட்டாமல் காய்ந்த மண்ணில் விதைக்கிற புழுதி விதைப்பு என்றால் இந்தக் கணக்கு கொஞ்சம் தடுமாறும்.

ஆக நட்டது எப்போது, எவ்வளவு பரப்பு, நடுவில் முழுகியதா, இதெல்லாம் நன்றாகத் தெரியும். பதர் தெரியாது. நெல் பூ காலையில் ஒன்பது பத்து மணி வாக்கில் திறந்து ஒரு மணி நேரம் போல இருந்து மூடிக்கொள்கிற சமாச்சாரம். அந்த நேரத்தில் மழை அடித்து மகரந்தம் போச்சு என்றால் மணி பிடிக்காது, ஆனால் தாளும் தோகையும் அப்படியே பச்சையாக நிற்கும். மேலே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

விளைச்சலைச் சேட்டிலைட் நேராக அளப்பதில்லை. நட்ட தேதி, இலைப் பரப்பு, வெயில், மழை இதையெல்லாம் ஒரு பயிர் மாடலுக்குக் கொடுத்துக் கணக்குப் போடுகிறார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பிலிப்பைன்ஸில் இருக்கிற பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்து தமிழ்நாட்டில் செய்த வேலையும் இந்த வழிதான். மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தில் 2023 காரிஃப் பருவத்தில் நெல்லுக்கும் கோதுமைக்கும் கொண்டுவந்த யெஸ்-டெக் என்ற தொழில்நுட்ப விளைச்சல் கணிப்பு முறையில்கூட அந்தக் கணக்குக்குக் குறைந்தது 30 சதவீதப் பங்கு என்றுதான் வைத்தார்கள். அறுத்துப் பார்ப்பது இன்னும் போகவில்லை.

முளைக்குச்சி:

தம்பி நண்டு சொன்னது சரி. அந்த அறுத்துப் பார்க்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான், என் பங்குக்கு ஒன்று சொல்கிறேன்.

ஊருக்கு இத்தனை வயல் என்று சர்வே எண்ணை வைத்துக் குலுக்கல் முறையில் எடுத்துக் கொடுப்பார்கள். போய் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் அளந்து, நாலு முளை அடித்து, கயிறு கட்டி, உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்துத் தூற்றி எடை போட வேண்டும். கயிற்றின் மேலேயே நிற்கிற தூர் உள்ளேயா வெளியேயா என்று வயல்காரரோடு வாக்குவாதம் வராத நாளே கிடையாது. சும்மா இல்லை, அந்த இருபத்தைந்து சதுர மீட்டரில் ஒரு கிலோ கூடினால் ஏக்கருக்கு 162 கிலோ கூடிவிடும்.

இப்போது உங்கள் அப்பா விஷயம். இந்தக் காப்பீடு தனி வயலுக்கு இல்லை, ஊருக்கு. ஊர்ச் சராசரி நிர்ணயித்த அளவுக்குக் கீழே போனால் எல்லாருக்கும் உண்டு, போகாவிட்டால் உங்கள் வயலில் மொத்தமும் பதரானாலும் கிடையாது. (ஆலங்கட்டி மழை போல சிலவற்றுக்குத்தான் தனி வயல் கணக்கு, அதையும் 72 மணி நேரத்துக்குள் சொல்லியிருக்க வேண்டும்.) அங்கே இருந்தவர் சேட்டிலைட் என்று சொன்னது வாயை அடைக்க. ஊரில் மற்றவர்களுக்கு எவ்வளவு கண்டது என்று அப்பாவிடம் கேட்டீர்களா?

பாளையங்கால்:

எனக்கு இந்தப் படத்தின் மேல் நம்பிக்கை வரவில்லை வேய். 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தில் எங்கள் வயல்பத்து முழுக்கக் கடலாகக் கிடந்தது. நட்டு ஒரு மாதம் ஆன பயிர். நண்டு சொல்கிற கணக்குப்படி அது கறுப்பாகத்தானே தெரியும், அப்போது புதுசாக நடுவைக்குத் தண்ணீர் கட்டியிருக்கிறான் என்று அது நினைத்துக்கொள்ளாதா? அப்புறம் என் அரை ஏக்கரில் ஒரு மூலையில்தான் மணல் அடித்தது, பத்து சென்ட் இருக்கும். அது தெரியுமா?

வரப்புநண்டு:

அண்ணாச்சி, நல்ல கேள்வி. ஒரே ஒரு படத்தை வைத்துச் சொன்னால் ஏமாறும். வரிசையாகப் பார்த்தால், ஏற்கெனவே வெளுத்துக்கொண்டு வந்த வயல் திடீரென்று கறுத்தால் அது நடுவை இல்லை, முழுகியது என்று பிடிபடும். மூலையில் மணல் கஷ்டம். படத்தில் ஒரு புள்ளி பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். ஆனால் ரேடாரின் உண்மையான கூர்மை இருபது மீட்டர் சொச்சம்தான், கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய பதினொரு சென்ட். உங்கள் பத்து சென்ட் அதில் கரைந்து போகும். இதுவே பெரிய விஷயம், முன்னால் மோடிஸ் என்ற கருவியின் படத்தில் ஒரு புள்ளியே பதினைந்து ஏக்கர்.

பேரன், நீங்களே பார்க்கலாம். காப்பர்னிகஸ் பிரவுசர் என்று தேடுங்கள், காசு கிடையாது. வயலைக் கண்டுபிடித்து, சென்டினல்-1 தேர்ந்தெடுத்து, அக்டோபரிலிருந்து ஒவ்வொரு தேதியாக மாற்றிப் பாருங்கள்.

கன்னடியன்கால் பேரன்:

நேற்று ராத்திரி ஒரு மணி வரை இதே வேலை. கால்வாயையும் ரயில் பாதையையும் வைத்து வயலைக் கண்டுபிடிக்கவே முக்கால் மணி நேரம் ஆச்சு, படம் முழுக்க உப்பும் மிளகும் தூவியது போலப் புள்ளி.

ஆனால் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. அக்டோபர் நடுவில் எங்கள் வயலும் ஒட்டின ரெண்டு வயலும் மட்டும் கறுப்பு, சுற்றிலும் எதுவும் இல்லை. மற்ற எல்லாம் கறுத்தது இரண்டு படம் தள்ளி, நவம்பரில். அது கறுக்கும்போது எங்களது வெளுக்க ஆரம்பித்துவிட்டது. காலையில் அப்பாவிடம் கேட்டேன். "ஆமா, கால்வாயில தண்ணி வர லேட்டாகும்னு கிணத்துத் தண்ணிய வச்சு முந்தி நட்டோம்லா" என்கிறார். மழை பெய்த நாலு நாளும் பூவில் இருந்தது எங்கள் மூன்று வயல்தான், மற்றவர்களுக்கு அப்போது தாளுக்குள் கதிர் திரண்டு பொதிகூடக் கட்டவில்லை. அவர்களுக்கு இருபத்தாறு, இருபத்தேழு மூட்டை கண்டிருக்கிறது. அப்புறம் ஊர்ச் சராசரி எங்கே குறையும்!

பணம் வராது என்று தெரிந்துவிட்டது, ஏன் என்றும் தெரிந்துவிட்டது. இந்த வருஷம் ஊரோடு சேர்ந்து நடச் சொல்லட்டுமா?

முளைக்குச்சி:

சொல்லிப் பாருங்கள், கேட்பாரா தெரியாது. மழையை விடுங்கள், ஊரே பச்சையாக நிற்கும்போது மூன்று வயல் மட்டும் பழுத்து நின்றால் சேரன்மகாதேவி மயில் அத்தனைக்கும் பந்தி அங்கேதான். அதற்கு யாரும் காப்பீடு தருவதாகத் தெரியவில்லை.