டபுள் டிலைட் ரோஜாவில் சிவப்பு ஏறவே இல்லை, ஏன்?

தொட்டிச்செடி:
டபுள் டிலைட் ஒட்டுச்செடி, 14 அங்குலத் தொட்டி, மேலே பாலிகார்பனேட் கூரை. மொட்டுக்கும் மணத்துக்கும் குறைவில்லை. ஆனால் பூ விரிந்து உதிரும்வரை வெறும் சந்தன நிறம்தான். வேறு ரகத்தைக் கொடுத்துவிட்டார்களா? இரும்புச் சத்து போட்டால் நிறம் ஏறுமா?

ஒட்டுக்கன்று:
ரகத்தைச் சந்தேகிக்கும் முன் கூரையைப் பாருங்க. இந்த ரகத்தின் இதழ் வெளிர் நிறமாகத்தான் விரியும். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்ட பிறகே ஆந்தோசயனின் என்ற நிறமி உருவாகி விளிம்பிலிருந்து சிவக்கும். பாலிகார்பனேட் அந்தக் கதிரை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் பயனில்லை. மொட்டிலேயே வெட்டி வீட்டுக்குள் ஜாடியில் வைத்தாலும் இதே வெளுப்புதான்.

இரும்பு வேண்டாம். மண்ணை மாற்றி நிறம் மாற்றுவது ஹைட்ரேஞ்சியா சமாச்சாரம், ரோஜாவுக்குப் பொருந்தாது.

முள்வேலி:
மேலே சொன்னது சரி. ஆனால் தொட்டியை ஒரேயடியாக உச்சி வெயிலில் தள்ளினால் இலை கருகும். முதல் வாரம் காலை வெயில் 2 மணி நேரம், பிறகு மெல்லக் கூட்டி 6 மணி நேரம் வரை. வாடிய பூவை, வெளிப்புறம் பார்த்த, ஐந்து சிற்றிலை கொண்ட இலைக் கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டுங்க. அடுத்த பூ வர 40 முதல் 50 நாள் ஆகும். தீர்ப்பு அந்தப் பூவில்தான். அதிலும் விளிம்பு சிவக்காவிட்டால் அப்போது ரகத்தைச் சந்தேகிக்கலாம். ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து கிளம்பும் தளிரை மட்டும் காத்திருக்காமல் இப்போதே அடியோடு பிய்த்துவிடுங்க.

இன்னொன்று, இந்த ரகத்துக்குச் சாம்பல் நோய் சீக்கிரம் பிடிக்கும். யூரியா மிஞ்சினால் தளிர் மென்மையாகி நோய் அதிகமாகும். வெள்ளைப் பொடி தெரிந்ததும் நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம், மாலையில் தெளிக்கலாம். 32 டிகிரிக்கு மேல் வெப்பம் இருந்தால் தெளிக்காதீங்க, இலை பொசுங்கும்.

தொட்டிச்செடி:
கூரையைக் கழற்ற முடியாது. பச்சை நிழல்வலைக்கு அடியில் நகர்த்தினால் போதுமா?

ஒட்டுக்கன்று:
போதும், ஆனால் சிவப்பு குறையும். வலை கதிரை வடிகட்டாது, துளைக்கேற்ற அளவு வெயிலைக் குறைக்கும், அவ்வளவுதான். 50 சதவீத வலை என்றால் விளிம்பில் இளஞ்சிவப்பு வரும். அடியில் மறைந்த இதழ் வெளுத்தே நிற்கும். மொட்டின் புல்லிகள் பிரியத் தொடங்கும்போது நகர்த்தினாலும் நேரம் இருக்கிறது.

இலைமறைகாய்:
முழுப் பூவும் நிறம் மாற வேண்டும் என்றால் மியூட்டபிலிஸ் என்ற ரோஜா ரகத்தைப் பாருங்க. மஞ்சளாக விரிந்து, இளஞ்சிவப்பாகி, கடைசியில் கருஞ்சிவப்பு. ஐந்தே இதழ், ஒற்றை அடுக்கு. தொட்டி போதாது, தரையில் ஆறடிக்கு மேல் புதராக வளரும். வெயில் அதற்கும் வேண்டும்.