பாதிக் காயிலில் மட்டும் ஏன் ஐஸ்?

தூத்துக்குடியில் ஒரு மீன் வியாபாரியின் ஃப்ரீசர் அறை. மைனஸ் 18-இல் நிற்க வேண்டியது, மைனஸ் 11-க்குக் கீழே இறங்க மறுத்தது. அவர் பதறிப்போய் செட் பாயின்ட்டை (அறை எட்ட வேண்டிய வெப்பநிலையின் அமைப்பை) மைனஸ் 25 வரை குறைத்திருந்தார். எனக்கு முன்னால் வந்த ஒருவர், கேஸ் குறைவு என்று சொல்லி கேஸ் ஏற்றிவிட்டுப் போயிருந்தார். கம்ப்ரசர் இரவு பகலாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

கூலிங் காயிலின் மூடியைக் கழற்றியதும் கண்ணில் பட்டது இதுதான்: மேல் பாதி கல்லாக இறுகிய ஐஸ், கீழ் பாதியில் ஃபின்கள் (காயிலின் மெல்லிய உலோகத் தகடுகள்) பளிச்சென்று இருந்தன. முழுவதும் ஐஸ் என்றால், ஐஸைக் கரைக்கும் ஹீட்டர் எரியவில்லை என்று சந்தேகிப்பேன். பாதி சுத்தமாக இருந்தால் ஹீட்டர் வேலை செய்கிறது, ஆனால் வேலை முடிவதற்குள் யாரோ நிறுத்திவிடுகிறார்கள் என்று பொருள்.

கையால் டிஃப்ராஸ்ட்டை, அதாவது ஹீட்டரால் ஐஸைக் கரைக்கும் வேலையை, தொடங்கிவிட்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். அதிகபட்ச நேரம் 30 நிமிடம் என்று அமைக்கப்பட்டிருந்தும் 4 நிமிடத்தில் முடிந்துவிட்டது. காயில் சென்சார் 8 டிகிரியைத் தொட்டால் டிஃப்ராஸ்ட் நிற்க வேண்டும் என்பது அமைப்பு. அந்த சென்சாரையோ ஹீட்டர் கம்பிக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தார்கள். மேலே ஐஸ் அசையக்கூட இல்லை. சென்சாருக்கு மட்டும் வெயில் காலம் வந்துவிட்டது.

தண்ணீர் ஊற்றி முழுவதையும் கரைத்தேன். தயவுசெய்து ஸ்க்ரூடிரைவரால் குத்தி உடைக்காதீர்கள், குழாய் ஓட்டையாகிவிடும். பிறகு, ஐஸ் கடைசியாகக் கரையும் இடம் எதுவென்று பார்த்து, ஹீட்டருக்குத் தள்ளி, ஃபின்களுக்கு நடுவே சென்சாரைச் செருகினேன். அடுத்த டிஃப்ராஸ்ட் 18 நிமிடம் ஓடி, 8 டிகிரியில் தானாக நின்றது. நீர் வடிவதற்கான நேரம் 0 என்று இருந்ததை 2 நிமிடமாக மாற்றினேன். இல்லாவிட்டால் ஃபின்னில் தொங்கும் துளிகள் மறுபடி உறைந்துவிடும். கூடுதலாக ஏற்றிய கேஸை மீட்பு சிலிண்டரில் எடுத்துவிட்டு, செட் பாயின்ட்டையும் பழைய இடத்துக்கே கொண்டுவந்தேன். மறுநாள் மாலை அறை மைனஸ் 18-இல் நின்றது.

எந்த எண்ணை மாற்றுவதற்கும் முன்னால் சென்சாரைச் சோதியுங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், கொஞ்சம் தண்ணீர், அதில் சென்சாரை 5 நிமிடம் வையுங்கள். 0 காட்ட வேண்டும். 10 கிலோ ஓம் என்டிசி (சூடு ஏற ஏற ஓம் அளவு குறையும்) வகையானால் மல்டிமீட்டரில் 25 டிகிரிக்கு 10, 0 டிகிரிக்கு 27 முதல் 33 கிலோ ஓமுக்குள் வரும். உள்ளே ஈரம் இறங்கிய சென்சாரில் ஓம் அளவு குறைந்து, கன்ட்ரோலர் உண்மையைவிடச் சூடாகக் காட்டும், கம்ப்ரசர் நிற்காது.

* * *

அண்ணா, உங்கள் பதிவைப் படித்தேன். நான் பார்த்த ஐஸ்கிரீம் கடையில் காயில் முழுவதும் ஐஸ். ஹீட்டர், சென்சார் இரண்டும் நன்றாகவே இருந்தன. இரண்டு நாள் அலைந்த பிறகுதான் புரிந்தது. டிஃப்ராஸ்ட் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை. அந்தப் பகுதியிலோ 4, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை மின்தடை. அந்த கன்ட்ரோலர், மின்சாரம் வந்ததும் இடைவெளியை முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் வகை. ஆறாவது மணி வரவே இல்லை! உள்ளே கடிகாரமும் அதற்கு பேட்டரியும் உள்ள கன்ட்ரோலராக மாற்றி, மின்தடை அரிதான அதிகாலை 3 மணிக்கும் மதியம் 2 மணிக்கும் டிஃப்ராஸ்ட் வைத்தேன். மின்சாரம் வந்தவுடனே கம்ப்ரசர் இழுக்காதபடி 5 நிமிடத் தாமதமும் கொடுத்தேன். உங்கள் தூத்துக்குடி அறைக்கு ஜெனரேட்டர் இல்லையென்றால் இதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.