தெரிவுப் பட்டனில் மண்முனை உடைந்த கதை

கல்லடியிலிருந்து:

மட்டக்களப்பு வாவியில் தோணியில் போய் வலை வீசுகிற மாதிரி ஒரு சின்ன கேம் செய்கிறேன், கேம் செய்கிற இலவச மென்பொருளான கோடோ என்ஜினில். எந்த இடத்தில் வலை வீசுவது என்று கேட்க, அழுத்தினால் லிஸ்ட் விரிகிற ஒரு பட்டன் தேவைப்பட்டது. கோடோவில் அதற்கென்றே ஆப்ஷன்பட்டன் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி கோட், அவ்வளவுதான். அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன்.

ஓடவிட்டுப் பார்த்தால் லிஸ்டில் இருந்த 'மண்முனை' என்ற இடப்பெயர் உடைந்து கிடக்கிறது. சங்கிலிக் கொம்பு ன-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது! மூன்று இரவு என் கோடில்தான் பிழை தேடினேன். பிழை அங்கே இல்லை. யூனிகோடில் கொம்பு மெய்க்குப் பிறகுதான் சேமிக்கப்படும். திரையில் அதை முன்னால் கொண்டுவருவது எழுத்தை வரைகிற மென்பொருளின் வேலை. என் பழைய மடிக்கணினியில் இருந்தது கோடோ 3, அதற்கு அந்த வேலை தெரியாது. 2023 மார்ச்சில் வந்த 4.0 இல்தான் அந்த வேலையைச் செய்கிற ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் சேர்ந்தது. நண்பனின் கணினியில் 4 ஐப் போட்டு அதே பெயரைக் கொடுத்தேன், கொம்பு தன் இடத்தில் வந்து நின்றது. எங்கள் ஊர்ப் பெயரை எங்கள் எழுத்திலேயே சரியாகப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

இன்னொன்று: நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை கேமுக்குள்ளேயே வையுங்கள். உங்கள் கணினியில் தமிழ் தெரிகிறது என்று விட்டுவிட்டால், பிரவுசரில் ஓடவிடும்போது வெறும் பெட்டி பெட்டியாக வரும்.

கல்முனையிலிருந்து:

எனக்கு எழுத்தில் சிக்கல் வரவில்லை, சேமிப்பில்தான் வந்தது. கார் ஓட்டுகிற கேம், காரைத் தெரிவு செய்ய இதே பட்டன். லிஸ்டில் தெரிவு செய்த வரியின் எண்ணை அப்படியே சேமித்து வைத்திருந்தேன். மறுகா ஒரு புதிய காரை லிஸ்டின் மேலே சேர்த்தேன். அடுத்த நாள் ராத்தாவின் மகன் வந்து, "மாமா, என்ட சிவப்புக் கார ஏன் மாத்தினீங்க?" என்று அழுகிறான். வரி எண் 0 இலிருந்து தொடங்கும். மேலே ஒன்று சேர்ந்தால் எல்லாம் ஒரு படி கீழே இறங்கிவிடும். பிள்ளை நாள் கணக்காக விளையாடிச் சேர்த்த கார் அது. இப்போது ஒவ்வொரு காருக்கும் நானே மாறாத ஓர் எண் கொடுத்து, அதைத்தான் சேமிக்கிறேன். திறக்கும்போது அந்த எண்ணை வைத்து வரியைத் தேடி எடுக்கலாம்.

இதையும் கவனியுங்கள்: கோட் மூலம் ஒரு வரியைத் தெரிவு செய்தால் 'ஒன்று தெரிவாகிவிட்டது' என்று பட்டன் அறிவிக்கிற ஐட்டம்_செலக்டட் சிக்னல் வராது. பட்டனில் சிவப்புக் கார் என்று இருக்கும், திரையில் நீலக் கார் நிற்கும். படத்தை மாற்றுகிற ஃபங்ஷனை நீங்களே கூப்பிட வேண்டும்.

அக்கரைப்பற்றிலிருந்து:

நான் மொழி தெரிவு செய்கிற பட்டன் செய்தேன். தமிழ், සිංහල என்று அந்தந்த எழுத்திலேயே வைக்காமல், மொத்த லிஸ்டும் மொழிபெயரும்படி விட்டிருந்தேன். உம்மா தவறுதலாகச் சிங்களத்தை அழுத்திவிட்டு, 'தமிழ்' எது என்று கண்டுபிடிக்க முடியாமல் போனை என்னிடம் நீட்டினார். அன்று இரவே மாற்றிவிட்டேன். கல்லடி நண்பர் சொன்ன எழுத்துருவோடு சிங்கள எழுத்துருவையும் சேர்க்க வேண்டியிருந்தது.