பயன்படுத்திய துப்பாக்கியைத் தனி ஆட்களுக்குள் வாங்கி விற்கும்போது சட்டப்படி எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கேள்வி

அன்பர்களுக்கு வணக்கம். சில ஆண்டுகளாக இலக்குச் சுடுதலில் பயிற்சி பெற்று வருகிறேன். என்னுடன் பயிலும் மூத்தவர் ஒருவர், தாம் பயன்படுத்திய ரைபிளை எனக்கு விற்க முன்வந்திருக்கிறார். என்னிடம் சும்மா கிடக்கும் வேறொரு துப்பாக்கியை நானும் யாருக்காவது விற்றுவிடலாம் என்று எண்ணுகிறேன். கடையில் வாங்கினால் படிவம், பதிவேடு ஆகிய எல்லாவற்றையும் வணிகரே பார்த்துக்கொள்வார். தனி ஆட்களுக்குள் நடக்கும் விற்பனையில் அந்தப் பொறுப்பு முழுவதும் நம் தலையில் விழுகிறது. மூத்தவரோ, "நமக்குள் எழுத்து எதற்கு? பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். அவருடைய நேர்மையில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை.

இங்குள்ளோர் பல நாடுகளில் வசிப்பதால், அவரவர் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது, விற்பவரும் வாங்குபவரும் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்கினால் பலருக்கும் பயன்படும். இருவரும் கையெழுத்திட்ட ஒரு விற்பனைச் சீட்டு மட்டும் போதுமா?

பதில் 1 (இந்தியச் சட்டம் குறித்து)

மனம் ஒப்பாதது நல்லதுதான், தம்பி. துப்பாக்கி கைமாறினாலும், ஆவணத்தில் பெயர் மாறும் வரை அது பழைய உரிமையாளருடையதாகவே இருக்கும். நாளை அது ஒரு குற்ற இடத்தில் கிடைத்தால், காவல்துறை அதில் பொறித்திருக்கும் வரிசை எண்ணை வைத்துக்கொண்டு முதலில் தட்டுவது ஆவணத்தில் பெயர் உள்ளவரின் கதவைத்தான். வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை; தன் உரிமத்தில் ஏறாத துப்பாக்கியை வீட்டில் வைத்திருப்பது உரிமமின்றி வைத்திருப்பதற்கு ஒப்பாகும்.

இந்தியாவில் விற்பனைச் சீட்டு மட்டும் போதவே போதாது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பிரிவு 5, சொந்தப் பயனுக்காக முறைப்படி வைத்திருக்கும் துப்பாக்கியை வணிக உரிமம் இல்லாத ஒருவரும் விற்க இடம் தருகிறது. ஆனால் விற்கும் எண்ணத்தையும், யாருக்கு விற்கப் போகிறாரோ அவருடைய பெயர், முகவரியையும் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையப் பொறுப்பு அதிகாரிக்கோ எழுத்து மூலம் முன்கூட்டியே தெரிவித்து, அதன் பிறகு குறைந்தது 45 நாட்கள் கழிந்த பின்னரே ஒப்படைக்க வேண்டும். பலர் இந்த 45 நாளை வெறும் சடங்கு என்று நினைத்து, முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு கடிதம் எழுதுகிறார்கள். அது குற்றம். கடிதம் கொடுத்ததற்கு முத்திரையுடன் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாட்கணக்கு அந்தத் தேதியிலிருந்துதான் தொடங்குகிறது.

வாங்குபவரிடம் செல்லத்தக்க உரிமம் இருக்க வேண்டும். அந்த உரிமம் இந்த வகைத் துப்பாக்கிக்குரியதாகவும் இருக்க வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு அந்த வரம்பு மூன்று. ஆகவே, அவரிடம் ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்பதை உரிமத்தைப் புரட்டிப் பார்த்தே உறுதி செய்யுங்கள். முடிவில் விற்றவரின் உரிமத்திலிருந்து நீக்கமும் வாங்கியவரின் உரிமத்தில் சேர்க்கையும் ஆகிய இரண்டு பதிவுகளும் நடந்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் நடந்து மற்றொன்று விட்டுப்போனால், பின்னாளில் வரும் குழப்பத்தைத் தீர்ப்பது பெரும்பாடு.

இனி எண்ணைப் பற்றி. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் நேரில் பட்ட பாடு இது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவரிடமிருந்து பன்னிரண்டு போர் (bore) என்ற குழல் அளவுள்ள இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்றை வாங்கவிருந்தேன். உரிமத்தில் எண்ணின் கடைசி இலக்கங்கள் 38 என்று இருந்தன. துப்பாக்கியின் உலோக உடலில் 88 போலத் தெரிந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துணியால் துடைத்துவிட்டு, சுண்ணக்கட்டித் தூளை எண்ணின் மேல் தேய்த்து, விரலால் வழித்து, பூதக்கண்ணாடியில் பார்த்தேன். பள்ளங்களில் தங்கிய வெள்ளைத் தூளில் இரண்டு எட்டுகளும் முழுசாகத் தெரிந்தன. குழலையும் முன்கட்டையையும் கழற்றிப் பார்த்தபோது அவற்றிலும் அதே எண். எப்போதோ புதுப்பித்தலின்போது உரிமத்தில் தவறாகப் படியெடுத்திருக்கிறார்கள். அதை யாரும் சரிபார்க்காமல் காலம் ஓடியிருக்கிறது. விற்பவர் விண்ணப்பம் கொடுத்து அதைத் திருத்தி வாங்கும் வரை நான் முன்பணம்கூடக் கொடுக்கவில்லை. அவருக்கு அப்போது வருத்தம் இருந்தது. பிறகு அவரே நன்றி சொன்னார், ஏனெனில் அவருடைய சொந்த உரிமமே அதுவரை அந்தத் துப்பாக்கிக்குப் பொருந்தாமல் இருந்திருக்கிறது.

எண்ணே அழிந்திருந்தாலோ, அந்த இடத்தில் மட்டும் உலோகம் அரம் பட்டதுபோல் பளபளத்தாலோ, அந்தத் துப்பாக்கியைத் தொடாதீர்கள். பிரிவு 8-இன்படி, எண் அழிக்கப்பட்ட துப்பாக்கி எவர் கையில் இருக்கிறதோ அவரே அழித்ததாக, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, நீதிமன்றம் கொள்ளும். "வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதை மெய்ப்பிக்கும் சுமை வாங்கியவருடையதாகிவிடும்.

பதில் 2 (அமெரிக்கச் சட்டம் குறித்து)

முதல் பதிலில் சொன்ன "முன்அறிவிப்பு" அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தில் கிடையாது. அதனாலேயே இங்கு பலர் தனியார் விற்பனைக்குச் சட்டமே இல்லை என்று தவறாக நம்புகிறார்கள். 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் தனி ஆட்களையும் கட்டுப்படுத்துகிறது. வணிக உரிமம் இல்லாத ஒருவர், வேறு மாநிலத்தில் வசிக்கும் உரிமமற்ற ஒருவருக்கு நேரடியாக விற்கக் கூடாது. உரிமம் பெற்ற வணிகர் வழியாகத்தான் அது செல்ல வேண்டும். சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடை உள்ளவர் என்று தெரிந்தோ, அப்படி நினைக்க நியாயமான காரணம் இருந்தோ விற்பதும் குற்றம். கலிஃபோர்னியா, நியூயார்க், கொலராடோ, வாஷிங்டன் உட்படப் பல மாநிலங்கள் தனியார் விற்பனைக்கும், வாங்குபவருக்குத் தடை ஏதும் உள்ளதா என்று பார்க்கும் பின்னணிச் சோதனையைக் கட்டாயமாக்கியுள்ளன.

நம்மவர்களுக்கு மிகவும் தேவையான ஒரு செய்தி உண்டு. இதை அறியாமல் சிக்கிக்கொள்ள வாய்ப்பு அதிகம். எச்-1பி, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாக்களில் அனுமதிக்கப்பட்டிருப்பவர்கள், செல்லத்தக்க வேட்டை உரிமம் போன்ற சட்டத்தில் சொல்லப்பட்ட விலக்குகளுள் ஒன்று இருந்தாலன்றி, துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. கிரீன் கார்டு பெற்றவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அலுவலக நண்பர் ஆயிற்றே என்று அவருடைய விசா நிலையைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். நட்பு முறிந்தாலும் பரவாயில்லை. தவறினால் வழக்கு இருவர் மீதும் வரும், அவர் நாடு திரும்ப நேரிடும்.

அதேபோல், "என் பெயரில் வாங்க முடியாது, நீங்கள் வாங்கிக் கொடுங்கள்" என்று எவர் கேட்டாலும் மறுத்துவிடுங்கள். சட்டப்படி தடை உள்ளவர் என்று தெரிந்தும் அவருக்காகத் தன் பெயரில் வாங்குவதை 2022ஆம் ஆண்டுச் சட்டம் தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டுகள் வரை சிறை விதித்திருக்கிறது.

என் மாநிலம் கட்டாயப்படுத்தாவிட்டாலும், நான் எப்போதும் உரிமம் பெற்ற வணிகர் ஒருவரின் கடையில்தான் கைமாற்றிக்கொள்கிறேன். அவர் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 என்ற கூட்டாட்சி அரசுப் படிவத்தை நிரப்பச் செய்து, பின்னணிச் சோதனையை முடித்துத் தருகிறார், சிறு கட்டணம்தான். இங்கு ஒரு துப்பாக்கியின் தடம் தேடப்படும்போது, தயாரிப்பாளரிடமிருந்து தொடங்கி, வணிகர் வழியாக, முதலில் வாங்கியவர் வரை பதிவேடுகள் கொண்டுபோகும். அதன் பிறகு நடந்த தனியார் விற்பனைக்கு ஆவணம் இல்லையென்றால், அந்தத் தடம் அவரிடமே நின்றுவிடும். வணிகர் வழியாக வேண்டாம் என்பவர்கள் விற்பனைச் சீட்டாவது எழுத வேண்டும்: இருவர் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், தயாரிப்பாளர், மாதிரி, காலிபர் (குழல் அளவு), வரிசை எண், தேதி, கையெழுத்து. மாநிலச் சட்டம் வணிகரைக் கேட்கும் இடத்தில் இந்தச் சீட்டு எதற்கும் உதவாது என்பதை மறக்க வேண்டாம்.

பதில் 3

பிரிட்டன், கனடாவில் இருப்போருக்குச் சுருக்கமாக. பிரிட்டனில் வாங்குபவரின் சான்றிதழில் அந்தத் துப்பாக்கியை வாங்க அனுமதி இருக்க வேண்டும். பொதுவாக நேரில்தான் ஒப்படைக்க வேண்டும். கைமாறிய ஏழு நாட்களுக்குள் இரு தரப்பும் தத்தம் சான்றிதழை வழங்கிய காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கனடாவில் 2022 மே மாதம் முதல் சாதாரண நீளத் துப்பாக்கிக்கும், வாங்குபவரின் உரிமத்தைப் பதிவாளரிடம் சரிபார்த்து ஒரு குறிப்பு எண் பெற்ற பின்னரே கொடுக்க முடியும். கைத்துப்பாக்கிகளைத் தனி ஆட்கள் வாங்குவதும் விற்பதும் அங்கே 2022 அக்டோபரில், சில விலக்குகள் தவிர, நிறுத்தப்பட்டுவிட்டன.

கேள்வி கேட்டவர்

ஐயா, மூவருக்கும் நன்றி. ஒரு துணைக் கேள்வி. மூத்தவரிடம் மேலும் பேசியபோதுதான் அந்த ரைபிள் காலமான அவருடைய அண்ணனின் பெயரில் இருப்பது தெரிந்தது. அப்படியானால் அவர் எனக்கு விற்க முடியுமா?

பதில் 1 (தொடர்ச்சி)

இப்போதைக்கு முடியாது, தம்பி. இந்தியச் சட்டத்தையே சொல்கிறேன்: உரிமம் இறந்தவரோடு முடிந்துவிடுகிறது, துப்பாக்கி வாரிசுக்குச் சொத்தாக வரலாமே தவிர, அதை வைத்திருக்கும் உரிமை தானாக வந்துவிடாது. பிரிவு 21-இன்படி அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ, அனுமதி பெற்ற வணிகரிடமோ ஒப்படைக்க வேண்டும். பிறகு வாரிசு தம் பெயரில் உரிமம் கோரலாம். வேண்டாமென்றால் உரிமம் உள்ள ஒருவருக்கு விற்க அனுமதி கேட்கலாம். மற்ற வாரிசுகள் இருந்தால் அவர்களுடைய எழுத்து மூலமான சம்மதமும் தேவைப்படும்.

அண்ணன் வீட்டு அலமாரியில் இத்தனை நாள் இருந்ததை நினைத்து அவர் அஞ்சக்கூடும். தாமதத்தை மறைக்காமல், வழக்கறிஞர் ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு, முதலில் நிலையத்தில் தகவல் சொல்லி, அவர்கள் சொல்லும் முறைப்படி தோட்டாக்களையும் சேர்த்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். அவர்கள் தரும் ரசீதில் துப்பாக்கியின் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று, அந்த மேசையை விட்டு எழுவதற்கு முன்பே, எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.