சக மாணவரின் ஆய்வேட்டில் எவ்வளவு கை வைக்கலாம்?

பினாங்கு முதுகலை மாணவி:
அனைவருக்கும் வணக்கம். பினாங்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்துக்கொண்டே, அங்குள்ள எழுத்து உதவி மையத்தில் இளங்கலை மாணவர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். வரைவை நாங்கள் திருத்தித் தரக் கூடாது. கேள்விகள் கேட்டு மாணவரையே திருத்த வைக்க வேண்டும் என்பது மையத்தின் விதி. அதன் நோக்கம் எனக்கு ஏற்புடையதே. ஆயினும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டும், இடைநிலைப்பள்ளியில் மலாய்வழியில் ஐந்தாண்டும் படித்துவிட்டு, இப்போது இறுதியாண்டு ஆய்வேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டிய தம்பி தங்கைகளிடம் இந்த விதி சரிவர எடுபடுவதில்லை. “வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், பிழை தானாகக் காதில் படும்” என்கிறேன், அவர்களும் தடங்கலின்றி வாசித்து முடித்து, “சரியாகத்தானே இருக்கிறது, அக்கா?” என்று கேட்கிறார்கள். நாளை மறுநாள் சமர்ப்பிக்க வேண்டியவரிடம் மேலும் கேள்விகளையே அடுக்குவது முறைதானா? எங்கே கோடு போடுகிறீர்கள்?

பந்தாய் டாலாம் வாசகர்:
தங்கையே, கோலாலம்பூரில் இதே பணியைச் சில காலம் செய்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் குறிப்பிடும் விதி அமெரிக்க எழுத்து மையங்களில் வேரூன்றியது. எழுத்தை மேம்படுத்துவதைவிட எழுதுபவரை மேம்படுத்துவதே மையத்தின் வேலை என்று ஸ்டீபன் நார்த் 1984இல் எழுதிய கட்டுரை அதற்குப் பெரிய பிடிமானமாக அமைந்தது. ஆனால் அங்கேயே 1993இல் ஜூடித் பவர்ஸ் என்பவர், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களிடம் இந்த வழிமுறை தடுமாறுவதை எடுத்துக்காட்டினார். காதில் பதியாத மொழியின் பிழை காதுக்கு எப்படிக் கேட்கும்? அவர்களுக்குச் சில செய்திகளை நேரடியாகச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆகவே விதியைச் சொல்லுக்குச் சொல் பிடித்துக்கொண்டிருப்பது விதியின் நோக்கத்துக்கே எதிரானது என்பது என் கருத்து.

நான் கடைப்பிடித்த முறையை ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்கிறேன். தோட்டப்புறத்திலிருந்து நகருக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களைப் பற்றி ஒரு மாணவர் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தார். ஆய்வு முன்மொழிவில் “நேர்காணல் செய்யப்படும்” என்று எதிர்காலத்தில் எழுதியிருந்த முறையியல் பகுதியை அப்படியே வெட்டி ஆய்வேட்டில் ஒட்டிவிட்டிருந்தார். (இது எல்லாத் துறைகளிலும் நடப்பதுதான், இதை வேறு எவரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.) மலாய் வினைச்சொல் காலத்துக்கேற்ப உருமாறுவதில்லை என்பதால் வினை வடிவத்தில் அவர் கண் நிற்கவே இல்லை. நேர்காணல் முடிந்துவிட்டதால் இறந்தகாலம் வர வேண்டும் என்று காரணத்தைச் சொல்லி, முதல் வாக்கியத்தை மட்டும் அவருடன் சேர்ந்து மாற்றினேன். அந்தப் பத்தியின் மற்ற வினைகளை அவரே அடிக்கோடிட்டு மாற்றினார். ஒரு பிழை வகை, ஒரு மாதிரி, மீதி அவர் கையில் என்பதே நான் போடும் கோடு. பேனா எப்போதும் மாணவர் கையிலேயே இருக்கட்டும்.

விரிவுரையாளர் ஒருவர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் வரிசை முக்கியம். இலக்கணத்திலிருந்து தொடங்கினால் சந்திப்பு நேரம் முழுவதையும் அதுவே விழுங்கிவிடும். எனக்கு வரும் ஆய்வேடுகளில் பெருங்குறை முன்னாய்வுகளைத் தொகுக்கும் அத்தியாயத்தில்தான் இருக்கிறது: ஒவ்வொரு பத்தியும் “இன்னார் இவ்வாறு கூறினார்” என்று தொடங்கி, ஆய்வாளர்களை வரிசையில் நிறுத்திவிட்டு முடிந்துவிடுகிறது. அவர்கள் ஒருவரோடொருவர் எங்கே உடன்படுகிறார்கள், எங்கே முரண்படுகிறார்கள், அந்த இடைவெளியில் இந்த மாணவரின் கேள்வி எங்கே நிற்கிறது என்பது தெரிவதில்லை. இங்கே உங்கள் மையத்தின் கேள்வி முறை அருமையாக வேலை செய்யும். “இந்த இருவரும் ஒரே மேசையில் அமர்ந்தால் எதைப் பற்றி வாதிடுவார்கள்?” என்று தமிழிலேயோ மலாயிலேயோ கேளுங்கள். பதிலும் அதே மொழியில் வரட்டும். சிந்தனை தெளிந்த பிறகு ஆங்கில வாக்கியம் பாதி தானாக நேராகிவிடும். மேலும், நீங்களே எழுதிச் சேர்த்த பத்தியை, பிற எழுத்துகளோடு ஒப்பிட்டு நகலைக் கண்டறியும் டர்னிட்டின் மென்பொருள் காட்டிக்கொடுக்காது. ஆனால் வாய்மொழித் தேர்வில் அந்தப் பத்தியைப் பற்றிக் கேட்டால் மாணவர் திணறுவார்.

இறுதியாண்டு மாணவன்:
உதவி பெறுபவனாக ஒரு வார்த்தை. எங்களில் பலர் கடைசி நேரத்தில் வருவது சோம்பலால் மட்டும் அல்ல. அரைகுறை வரைவைக் காட்டக் கூச்சமாக இருக்கிறது. தலைப்பும் ஒரு பக்கக் குறிப்பும் இருந்தாலே வரலாம் என்று மையத்தின் அறிவிப்பில் போட்டால், பலர் முன்கூட்டியே வருவார்கள்.

பினாங்கு முதுகலை மாணவி:
மூவருக்கும் நன்றி. அறிவிப்பை மாற்றும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்கிறேன். ஒன்று மட்டும் இன்னும் தெளிவாகவில்லை: நாளை மறுநாள் சமர்ப்பிப்பவருக்கும் இதே வரிசைதானா?

விரிவுரையாளர் ஒருவர்:
இல்லை. அந்த நேரத்தில் வாதத்தைக் கலைத்துப்போட்டால் அவரால் மீண்டும் அடுக்க முடியாது. ஆய்வுச் சுருக்கமும் முடிவுரையும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா, மேற்கோள் காட்டிய எல்லாப் பெயர்களும் துணைநூற்பட்டியலில் இருக்கின்றனவா என்று அவரையே சரிபார்க்க வையுங்கள். பிறகு, அடிக்கடி வரும் ஒரே ஒரு பிழை வகையைக் காட்டி அனுப்புங்கள்.