யூஎஸ்பி ஹார்டிஸ்கில் பேக்கப் பாதியில் அறுந்துவிடுகிறது

கேள்வி: அல்சூர் கணக்கர்

பெங்களூரு அல்சூரில் ஆடிட்டர் அலுவலகம். விண்டோஸ் 11 ப்ரோ. 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்டிஸ்க் இரண்டு இருக்கின்றன. ஒன்று அலுவலகத்தில், மற்றது வீட்டில், திங்கள்தோறும் மாற்றிக்கொள்கிறோம். இரவு 11 மணிக்கு இமேஜ் பேக்கப், அதாவது கணினி டிஸ்க் முழுவதையும் அப்படியே நகலெடுப்பது. டிஸ்கை மாற்றிய வாரம் ‘இடம் கிடைக்கவில்லை’ என்கிறது. சில நாள் 40 ஜிபி வரை ஓடிவிட்டு நின்றுவிடுகிறது. சாஃப்ட்வேரை மாற்றவா, டிஸ்கையா?

பதில்: பழைய மதர்போர்டு

எதையும் மாற்ற வேண்டாம். இவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். முதலாவதற்குக் காரணம் டிரைவ் எழுத்து, அதாவது சி, டி என்று விண்டோஸ் டிஸ்கிற்கு வைக்கும் அடையாளம். புது டிஸ்க் வந்தால் காலியாக உள்ள எழுத்தை விண்டோஸ் கொடுத்துவிடும். பேக்கப் வேலையோ பழைய எழுத்தையே தேடும். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் போங்கள். பார்ட்டிஷன் மேல் வலது கிளிக் செய்தால் எழுத்தை மாற்றும் வசதி வரும். இரண்டு டிஸ்கிற்கும் ‘ஆர்’ என்றே கொடுத்துவிடுங்கள். முன்வரிசை எழுத்துகளைப் பென் டிரைவ் பிடித்துக்கொள்ளும். இசட் பக்கம் நெட்வொர்க் டிரைவ்களுக்குப் போகும். டிஸ்கில் ஃபைல்களை அடுக்கும் முறை, அதாவது ஃபார்மட், என்டிஎஃப்எஸ்தானா என்றும் பாருங்கள். ஃபேட்32 என்றால் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டாது.

பதில்: ரீஸ்டோர் முதலில்

ஒரே எழுத்து கொடுப்பது ஃபுல் பேக்கப்புக்குச் சரி. இன்கிரிமென்டல், அதாவது முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியதை மட்டும் எடுப்பது என்றால் ஆபத்து, சார். செவ்வாய்க்கிழமை எடுத்த மாற்றங்கள் இந்த டிஸ்கில், அவற்றுக்கு அடிப்படையான ஃபுல் காப்பி வீட்டில் உள்ள டிஸ்கில் என்று ஆகிவிடும். திறக்கும்போது சங்கிலி அறுந்திருக்கும். ஒன்றுக்கு ‘ஆர்’, மற்றதற்கு ‘எஸ்’ கொடுத்து, தனித்தனி பேக்கப் வேலை போடுங்கள். டிஸ்க் இல்லாத வாரம் அதன் வேலை பிழை காட்டும், விடுங்கள்.

பதில்: கேபிள் பார்த்தீர்களா

40 ஜிபியில் நிற்பது பெரும்பாலும் மின்சாரம். யூஎஸ்பி 2 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், யூஎஸ்பி 3 தருவது 900. இரண்டரை அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் 1 ஆம்பியரை நெருங்கும். கேபினெட்டின் முன்பக்க போர்ட்டிலோ தனி அடாப்டர் இல்லாத ஹப்பிலோ செருகாதீர்கள். மதர்போர்டிலேயே உள்ள பின்பக்க போர்ட்தான் சரி. டிஸ்க் பக்கத்து அகலமான பின்னை லேசாக ஆட்டிப் பாருங்கள். விளக்கு அணைந்து ‘டிக்’ என்று சத்தம் வந்தால் கேபிள் போய்விட்டது. நம் ஊர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான எஸ்பி ரோட்டில் புது கேபிள் வாங்கினால் ஒரு அடிக்கு மேல் நீளம் வேண்டாம். பவர் ஆப்ஷனில், சும்மா இருக்கும் யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் ‘யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பென்ட்’ வசதியை அணைத்துவிடுங்கள். விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் 157 என்ற எண்ணுள்ள பதிவு இருக்கிறதா?

அல்சூர் கணக்கர்

இருக்கிறது. நின்ற இரவுகளில் எல்லாம் 157. முன்பக்க போர்ட்தான்.

பதில்: கேபிள் பார்த்தீர்களா

157 என்றால் ஓடும்போதே டிஸ்க் கழன்றது என்று பொருள். பின்பக்கம் மாற்றி, கேபிளையும் மாற்றுங்கள். அறுந்துபோன இமேஜ்களை அழித்துவிட்டு ஃபுல்லாக ஒன்று எடுங்கள்.

பதில்: ரீஸ்டோர் முதலில்

வாடிக்கையாளர் கணக்கு வீட்டுக்குப் போகிறது என்பதால் டிஸ்கைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டே ஆகவேண்டும். இந்தக் கணினியில் ‘ஆட்டோ அன்லாக்’ கொடுங்கள், இல்லையென்றால் 11 மணிக்கு டிஸ்க் பூட்டியே கிடக்கும். 48 இலக்க ரெக்கவரி சாவியைத் தாளில் அச்சிட்டு டிஸ்க் இல்லாத இடத்தில் வையுங்கள். விண்டோஸ் இல்லாமலே கணினியைத் தொடங்க உதவும், பேக்கப் சாஃப்ட்வேரின் ரெஸ்க்யூ பென் டிரைவில் பூட் செய்து, அந்தச் சாவியால் டிஸ்க் திறக்கிறதா, இமேஜ் கண்ணுக்குத் தெரிகிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.